சாம்பலுக்கு அடியில்

1883 ஓகஸ்ட் 27ஆம் திகதி காலை, ஜாவாவுக்கும் சுமாத்திராவுக்கும் இடையிலுள்ள சுந்தா நீரிணையில் கிரக்கட்டோவாத் தீவு வெடித்துச் சிதறியது. தீவின் மூன்றில் இரண்டு பங்கு கடலுக்குள் போயிற்று. ஒல்லாந்த அரசின் கணக்குப்படி மாண்டவர்கள் 36,417 பேர். பெரும்பாலானோரைக் கொன்றது நெருப்பல்ல, கடல். அந்த அலையின் மிச்சம் இலங்கையின் கிழக்குக் கரையையும் தொட்டது. பாணமையில் ஒரு பெண் அதற்குப் பலியானதாகப் பதிவு உண்டு. 2004 டிசம்பரைக் கண்ட எம்மவர்க்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

அழிவைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுள்ளது. முஹம்மது ஸாலிஹ் என்ற மலாய்க் கவிஞர் அதனை ஒரு நெடும்பாட்டாகவே பாடினார். மலாய் மொழியை அரபு எழுத்தில் எழுதும் ஜாவி வடிவில் அது சிங்கப்பூரில் கல்லச்சில் வெளிவந்தது. அரபுத்தமிழ் ஏடுகளைப் புரட்டிய கைகளுக்கு அந்த வடிவம் அந்நியமானதல்ல. ஆனால் நான் இங்கு பேச வந்தது, அழிவின் பின் அந்தத் தீவுக்கு உயிர் திரும்பிய கதையை. அந்தக் கதை வெகு காலம் பாதியாகவே சொல்லப்பட்டு வந்தது என்பது என் எண்ணம்.

எஞ்சி நின்றது ரக்காத்தா என்ற துண்டு. பல மீற்றர் தடிப்பில் சாம்பலும் நுரைக்கல்லும் அதனை மூடிக் கிடந்தன. 1884 மே மாதம் பிரெஞ்சுக் குழுவொன்றுடன் வந்த எட்மண்ட் கொத்தோ அங்கு கண்ட ஒரே உயிர் ஒரு சிறு சிலந்தி. பிடிப்பதற்கு ஓர் ஈகூட இல்லாத இடத்தில் அது வலை பின்னிக்கொண்டிருந்தது. 1886 ஜூனில் பொயிட்டன்சோர்க், அதாவது இன்றைய போகோர், தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் மெல்கியோர் த்ரூப் அங்கு இறங்கினார். சாம்பலின் மேல் நீலப்பச்சை அல்காக்கள் வழுவழுப்பான மெல்லிய படையாகப் படர்ந்திருந்தன. உள்நிலத்தில் பன்னங்களின் ஆட்சி. 11 இனங்களை அவர் கணக்கிட்டார். பூக்கும் தாவரங்கள் சிலவே. காற்று பன்னத்தின் நுண்வித்துகளைக் கொண்டுவந்தது, அல்காப் படை அவற்றுக்குத் தொட்டிலாயிற்று என்பது அவரது விளக்கம். 1888இல் பூங்காவின் ஆய்விதழில் அதனை வெளியிட்டார். உலகப் பாடநூல்கள் அதனைப் பற்றிக்கொண்டன.

இதற்கிடையில் 1885இல் பேர்லினில் வேறொரு காரியம் நடந்தது. நிலத்தடியில் விளையும் விலைமதிப்புள்ள உணவுக் காளானைப் பயிரிட முடியுமா என்று பிரசிய அரசு அல்பேர்ட் பேர்ன்ஹார்ட் பிராங்க் என்ற தாவரவியலாளரைக் கேட்டிருந்தது. அவர் தோண்டிப் பார்த்தபோது, காட்டு மரங்களின் நுண்வேர்களைப் பங்கசு உறைபோலப் போர்த்திருந்தது. அது நோயல்ல, கொடுக்கல் வாங்கல் என்றார். பங்கசு மண்ணிலிருந்து நீரும் சத்தும் கொடுக்கிறது, மரம் தான் சமைத்த உணவில் பங்கு கொடுக்கிறது. பங்கசு, வேர் என்னும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து 'மைக்கோரைசா' என்று பெயரிட்டவரும் அவரே. அன்றைய அறிஞர் பலர் நம்பவில்லை. காளான் பயிர் என்னவாயிற்று என்பது வேறு கதை.

இனித்தான் எனக்கு வியப்பான செய்தி. 1897இல் த்ரூப் மீண்டும் கிரக்கட்டோவாவுக்குப் போனார். தீவின் உள்பகுதியில் நாணலும் பிற புல்லினங்களும் செழித்திருந்தன. அதே 1897இல், அதே பூங்காவின் அதே ஆய்விதழில், யான்சே என்பவர் ஜாவாத் தாவரங்களின் வேர்களை அறுத்துப் பார்த்து நீண்ட ஆய்வொன்றை வெளியிட்டார். அவர் சோதித்தவற்றில் மிகப் பெரும்பாலானவற்றின் வேர்களுக்குள்ளே பங்கசு குடியிருந்தது. ஒரே கூரையின் கீழ் இரண்டு ஆய்வுகள். ஆயினும் கிரக்கட்டோவா பற்றிய பெரும் விவாதங்கள் காற்று, கடல், பறவை என்றே சுற்றின. வேருக்குள் இருப்பது எப்படி வந்து சேர்ந்தது என்பது அவற்றின் மையத்துக்கு வரவில்லை.

கேட்டிருக்க வேண்டிய கேள்விதான் அது. பன்னத்தின் வித்து தூசி போன்றது. காற்று எங்கும் கொண்டுபோகும். யான்சே கண்ட வகைப் பங்கசுவோ மண்ணுக்குள்ளேயே வித்திடுகிறது. வித்தும் ஒப்பளவில் பெரியது. காற்று எப்போதாவது தூக்கிச் செல்லலாம், அவ்வளவே. அதனால் வெற்றுச் சாம்பலில் முதலில் கால் வைப்பவை பெரும்பாலும் பங்கசு இல்லாமலும் சமாளிக்கக்கூடியவை. கடற்கரையில் வந்து நின்ற சவுக்கு தன் வேர் முடிச்சுகளில் நைதரசனைப் பிடித்துக் கொடுக்கும் நுண்ணுயிரைத் துணைகொண்டது. காடு என்று சொல்லத்தக்க ஒன்று எழ, வேறு கூட்டாளிகளும் வேண்டும்.

1929இல் பாக்கர் என்ற ஒல்லாந்தத் தாவரவியலாளர் ஒரு நூலே எழுதி, தீவில் எல்லா உயிரும் அழிந்தது என்பதற்குச் சான்று எங்கே என்று கேட்டார். அவசரமாய் இறங்கி அவசரமாய்த் திரும்பியோர் தோண்டிப் பார்த்தார்களா என்பது அவர் வாதத்தின் சாரம். அவரது தொனி கசப்பானது. பலருக்கு அவரைப் பிடிக்கவில்லை. ஆனால் அடியில் என்ன மிஞ்சியது என்ற அவரது கேள்விக்கு, அரை நூற்றாண்டின் பின் வேறொரு மலை எடை சேர்த்தது.

1980 மே 18ஆம் திகதி அமெரிக்காவின் வோஷிங்டன் மாநிலத்தில் சென் ஹெலன்ஸ் மலை வெடித்தது. 57 பேர் மாண்டனர். ஏறத்தாழ 600 சதுர கிலோமீற்றர் நிலம் சிதைந்தது. மலையின் வடபுறத்து நுரைக்கல் வெளியில் முதலில் வேரூன்றியது அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த ஊதாப் பூ லூப்பின். வேர் முடிச்சில் நைதரசன் சேர்க்கும் செடி அது. ஆனால் அதனைச் சுற்றிலும் வெறுமை.

மலையில் வேறோர் உயிர் தப்பியிருந்தது. கோபர் என்ற, வளை தோண்டி வாழும் சிறு கொறிவிலங்கு. விவசாயிகளுக்கு அது தொல்லை. வெடிப்பின்போது சில இடங்களில் வளைக்குள் கிடந்து பிழைத்த அவை, சாம்பலைத் துளைத்துப் பழைய மண்ணை மேலே தள்ளின. அந்த மண்ணோடு பங்கசு வித்துகளும் வந்தன. மைக்கேல் அலன், ஜேம்ஸ் மக்மஹோன் ஆகியோர் இதனைக் கண்டறிந்து 1988இல் எழுதினர். அதற்கு முன்னரே, 1983இல், நுரைக்கல் வெளியில் இரு துண்டு நிலங்களை அடைத்து ஒரேயொரு நாள் கோபர்களை விட்டுப் பார்த்தனர். அதற்கு முன் அங்கு நின்றவை ஏறக்குறைய ஒரு டசின் செடிகள். ஆறு ஆண்டுகளின் பின் 40,000. அருகே கோபர் படாத நிலம் பெரும்பாலும் வெறுமையாகவே கிடந்தது.

அலனும் இளைய ஆய்வாளர் சிலரும் சேர்ந்து 2024இல் வெளியிட்ட ஆய்வு, அந்த ஒரு நாளின் தடயம் நாற்பதாண்டுகள் கடந்தும் மண்ணின் நுண்ணுயிர்களில் தெரிவதாகச் சொல்கிறது. அதே ஆய்வில் இன்னோர் ஒப்பீடும் உண்டு. மலையின் ஒரு பக்கத்தில் முதிர்ந்த காடு நின்றது. சாம்பல் படிந்து ஊசியிலைகள் கொட்டின. மரங்கள் செத்துவிடும் என்று அஞ்சினர். வேரிலிருந்த பங்கசு, கொட்டிய இலையின் சத்தை எடுத்து மரங்களுக்கே திருப்பிக் கொடுத்தது; சில இடங்களில் மரங்கள் விரைவிலேயே துளிர்த்தன. மறு பக்கத்துக் காட்டை வெடிப்புக்கு முன்பே மனிதர் மொட்டையாக வெட்டியிருந்தனர். அங்கே உதிர இலையும் இருக்கவில்லை, பங்கசுக்கு உணவும் கிடைக்கவில்லை. அந்த ஆய்வு நடந்த காலத்திலும் அங்கு பெரிதாக எதுவும் முளைத்திருக்கவில்லை.