மரியந்தாலில் முறிந்தது எது?

மரியந்தால் ஆய்வை எடுத்தாண்டோருள் பெரும்பாலோர், 1933இல் வெளிவந்த அந்த ஆய்வு நூலின் ஒரே ஒரு வகைப்பாட்டைப் பிரமாணமாகக் கொண்டு, எதிர்காலத்தைப் பற்றிய நம்பிக்கையும் திட்டமும் உள்ள குடும்பமே பொருளாதார மந்தத்தில் தாக்குப் பிடிக்கும் என்றும், அவை போன பின் குடும்பத்தின் ஒழுங்கும் தானே குலைந்துவிடும் என்றும் ஒரு சித்தாந்தத்தை நிலைநாட்டியிருக்கின்றனர். நெருக்கடிக் காலக் குடும்பங்களுக்கு ஊக்கத்தை உபதேசிக்கும் பிற்காலத்து எழுத்துகள் அனைத்திற்கும் இதுவே, சொல்லியும் சொல்லாமலும், அஸ்திவாரமாக இருந்து வருகிறது. அதே வகைப்பாட்டை, அது உண்டான விதத்தையும் மனத்திற்கொண்டு மீண்டும் படித்தபோது, இம்முடிவுக்கு அது இடங்கொடுக்கவில்லை என்று எனக்குத் தோன்றியது. அங்கே முதலில் மறைந்தது நம்பிக்கை. வீடு நெடுநாள் நின்றது. நின்ற அந்த வீட்டைத் தாங்கியது நம்பிக்கை அன்று.

வியன்னாவுக்குத் தென்கிழக்கே ஃபிஷா ஆற்றையொட்டிய மரியந்தால் என்ற நெசவாலைக் கிராமத்தில், 1929இன் நடுவில் தொடங்கி 1930 பிப்ரவரிக்குள் ஆலையின் பிரிவுகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதையும், மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹன்ஸ் ஸைசல் ஆகியோரின் குழு வேலையிழந்த அவ்வூரை ஆராய அங்கே சென்றதையும் இத்துறையினர் அறிவர். சர்ச்சைக்குரிய பகுதிக்கு நேராகச் செல்கிறேன்.

ஊரில் 478 குடும்பங்கள் இருந்தன. அவற்றுள் 100 குடும்பங்களை ஆய்வாளர் வீடு தேடிச் சென்று கண்டு நான்கு வகையாகப் பிரித்தனர். முறியாதவை 16, அடங்கியமைந்தவை 48, நம்பிக்கையற்று நொந்தவை 11, எதிலும் பற்றற்றுக் கிடந்தவை 25. அடங்கியமைந்தவை என்று நான் சொல்லும் இரண்டாம் வகையை விரக்தியடைந்தவை என்று தமிழாக்கத் தோன்றும், அது பொருந்தாது. விரக்தியுற்றவன் அடுப்பை மூட்டுவதில்லை. இக்குடும்பங்களிலோ அடுப்பு எரிந்தது. திட்டமில்லை, எதிர்பார்ப்பில்லை, அத்தியாவசியத்துக்கு மேற்பட்ட தேவை ஒவ்வொன்றையும் அவர்கள் குறுக்கிக்கொண்டனர். ஆயினும் வீடு ஒழுங்காக நடந்தது, குழந்தைகள் பேணப்பட்டனர், ஒருவிதமான ஆறுதலும் நிலவியது என்பதே நூலாசிரியர்கள் இவ்வகைக்குத் தரும் இலக்கணம்.

பிற்கால வாசிப்பு முதன்மையாகப் பிழைத்தது மூன்றாம் வகையில்தான் என்று கருதுகிறேன். நூலாசிரியர்கள் கடைசி இரு வகைகளையும் சேர்த்து முறிந்தவை என்ற ஒரே தலைப்பின் கீழ் வைத்தார்கள். பின்வந்தோர் அத்தலைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, தலைப்புக்குக் கீழே எழுதியிருந்ததை விட்டுவிட்டார்கள். நொந்த குடும்பங்களின் இலக்கணத்தைப் பொறுமையாகப் படிப்பவர், அவையும் முன்னிரு வகைகளைப் போலவே வீட்டை ஒழுங்காக வைத்திருந்தன, குழந்தைகளைக் கவனித்தன என்று அங்கே வெளிப்படையாகக் கூறியிருப்பதைக் காண்பார். அவர்களிடம் மாறியிருந்தது மனநிலை மட்டுமே: வேலை தேடுவதை விட்டுவிட்டார்கள், போன நல்ல காலத்தோடு இன்றைய நாளை ஒப்பிட்டு ஒப்பிட்டு மாய்ந்தார்கள். வீடும் குழந்தைகளும் கைவிடப்பட்டது நான்காம் வகை ஒன்றில்தான். எனவே, எல்லைக்கோட்டை மனநிலையைக் கொண்டு கீறாமல் வீட்டுப் பராமரிப்பைக் கொண்டு கீறுவோமானால், கண்டறிந்த 100 குடும்பங்களுள் 75 கோட்டுக்கு இப்புறம் நிற்கின்றன. அந்த 75இல் முறியாதவை என்ற பெயருக்கு உரியவை 16 மட்டுமே. எஞ்சிய 59 குடும்பங்கள் எதிர்காலத்தை நம்பாமலே இன்றைய நாளை நடத்திக்கொண்டிருந்தன.

இந்த 100 குடும்பங்களும் ஊரின் சராசரி மாதிரி அல்ல என்பதையும் இங்கே நினைவில் நிறுத்த வேண்டும். ஆடை வழங்கும் ஏற்பாடு ஒன்றைச் செய்து, யாருக்கு என்ன துணி தேவை என்று கேட்கும் சாக்கில்தான் குழுவினர் இவ்வீடுகளுக்குள் நுழைந்தனர். தேவை மிக்க வீடுகளே இவற்றில் மிகுதி. நூலாசிரியர்களே இதை உணர்ந்து, முழு ஊரையும் எடுத்துக்கொண்டால் முறிந்த குடும்பங்கள் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவே என்றும், அடங்கியமைந்தவை பத்துக்கு ஏழளவில் இருந்தன என்றும் கணக்கிட்டிருக்க, நூற்றில் 36 என்ற தொகையையே ஊர் முழுவதற்கும் ஏற்றிப் பேசுவது நியாயமாகாது.

விருந்தாளி வருகிறாரென்று வீட்டைத் துடைத்து வைத்திருக்கலாமே என்று சிலர் ஆட்சேபிப்பர். தரையை ஒரு காலையில் துடைத்துவிடலாம்; குழந்தையின் சட்டையை அவ்வாறு ஒரு காலையில் பேணிவிட முடியாது. இந்த ஆட்சேபத்தை இதற்குமேல் தொடர வேண்டியதில்லை.

வருமானத்தைப் பற்றிய ஆட்சேபம் கனமானது. பெரியவர் ஒருவரை அலகாகக் கொண்டு கணக்கிட்ட மாத வருமானம் முறியாத குடும்பங்களில் 34 ஷில்லிங், அடங்கியமைந்தவற்றில் 30, நொந்தவற்றில் 25, பற்றற்றவற்றில் 19. இவ்வரிசையைக் கண்டவர் மனநிலை என்பது காசின் நிழலே என்று முடிவுகட்டுவது இயல்பு. நூலாசிரியர்களும் வருமானம் மேலும் தேயத் தேய மனநிலையும் இறங்கும் என்றே அனுமானித்தனர். நானும் இதை மறுக்கவில்லை. ஒரு பருவத்தில் எடுத்த கணக்கிலிருந்து கால வரிசையை ஊகிப்பதில் அபாயம் உண்டென்பதையும் அறிவேன். எனினும் இத்தொகைகளை என் எல்லைக்கோட்டோடு சேர்த்து வைத்துப் பார்க்கும்போது ஒன்று புலனாகிறது: நம்பிக்கை 34க்கும் 30க்கும் நடுவிலேயே பெரும்பாலும் கரைந்துவிட்டது, வீட்டின் ஒழுங்கோ 25 வரை தாங்கி, அதற்கும் 19க்கும் இடையில்தான் அறுந்தது. வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி நடத்திய அந்த இடைவெளியே குடும்பத்தின் உண்மையான பலம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். எதிர்காலத்தை நோக்கித் திரும்பியிருந்தால்தான் அதைப் பலமென்று ஒப்புக்கொள்வோம் என்பது அக்குடும்பங்களுக்கு இழைக்கும் அநீதி.

அந்தப் பலம் யாருடைய உழைப்பால் விளைந்தது என்பதற்கும் நூலிலேயே சாட்சியம் இருக்கிறது. ஊரின் பிரதான வீதியைக் கடந்த 100 பேரை மறைவிலிருந்து கவனித்துக் கணக்கெடுத்ததில், 68 ஆண்களுள் 39 பேர் வழியில் மூன்று முறையோ அதற்கு மேலோ நின்றனர். 32 பெண்களுள் அவ்வாறு நின்றவர் மூவர். இக்கணக்கைக் காலம் சிதைந்ததற்கு அடையாளமாகக் காட்டுவது வழக்கம். ஆண்களின் காலம் சிதைந்தது என்று அதைத் திருத்திச் சொல்ல வேண்டும். துவைப்பும் ஒட்டுப்போடுவதும், இருப்பதைக் கொண்டு ஒப்பேற்றிச் சமைப்பதுமாகப் பெண்களின் நாள் நிரம்பியிருந்தது. சம்பளம் மட்டுமே அவர்களைவிட்டுப் போயிருந்தது. இதை நான் புகழ்ச்சியாகச் சொல்லவில்லை. வேலையும் வீடுமாக இரட்டைச் சுமை சுமந்த பழைய நாட்களுக்கே, ஆலைக்கே, திரும்பிப் போக விரும்புவதாக அப்பெண்களில் பலர் கூறினர். வீட்டைத் தாங்கியவர்களுக்கும் அது தாங்க முடியாத பாரமாகவே இருந்தது.

உண்பதற்கே போதாத குடும்பங்கள், கிழங்கு பயிரிட்டிருக்கக்கூடிய பாத்திகளில் ரோஜாவும் டாலியாவும் வளர்த்ததை விவேகமற்ற செயலுக்கு உதாரணமாகக் காட்டுவோர் உண்டு. மேசைமேல் பூ இருக்கும் வீட்டை இன்னும் வீடு என்று கருதியவர்களின் செயல் அது. பராமரிப்பு என்று நான் சொல்வதில் அதுவும் அடங்கும்.

ஒரே ஒரு தாளை மட்டும் அருகில் வைத்துப் பார்த்து இக்கட்டுரையை நிறுத்திக்கொள்கிறேன். வேலையிழந்த 33 வயது ஆண் ஒருவர் தம் ஒரு நாளை மணி மணியாக எழுதித் தந்த தாள் அது. வேலையற்ற காலத்தின் வெறுமைக்கு அதைவிடச் சிறந்த ஆவணமில்லை என்று எல்லோரும் அதைக் காட்டுவர். காலையில் பள்ளிக்குப் போகப் பிள்ளைகளை எழுப்புகிறார். அவர்கள் சென்ற பின் கொட்டகைக்குப் போய் விறகும் தண்ணீரும் கொண்டு வருகிறார். வீட்டுக்குள் வந்ததும், இன்று என்ன சமைப்பது என்று மனைவி கேட்கிறார். அந்தக் கேள்விக்கு முகங்கொடுக்க முடியாமல் அவர் வயற்பக்கம் போய்விடுகிறார். அதன் பின் மத்தியானம் ஆயிற்று என்பதைத் தவிர எழுத ஒன்றுமில்லை. இவ்வெறுமையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் அதே தாளில் சற்றுக் கீழே, பிள்ளைகள் பள்ளியிலிருந்து அப்போதுதான் வருவார்களாதலால் ஒரு மணிக்குச் சாப்பிடுகிறோம் என்ற செய்தியும் இருக்கிறது. கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை. ஒரு மணிக்குச் சாப்பாடு மேசைக்கு வந்திருக்கிறது. அந்தக் காலைப் பொழுதில் மனைவி என்ன செய்தார் என்று எழுதுவதற்கு அவர் கையில் ஒரு தாள் இருந்ததா என்பதை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.