ரிவெட் அடித்தவர் வாத்தியார் ஆன கதை

இந்த எபிசோட் ஒரு போன்காலில் இருந்து ஆரம்பித்தது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பத்தாம் வகுப்பில் எனக்கு சமூக அறிவியல் எடுத்த மிஸ் கூப்பிட்டார்.

"டேய், நீ குடோனுக்கெல்லாம் சாஃப்ட்வேர் எழுதுற வேலையிலதானே இருக்க? எங்க ஸ்கூல்ல பதினொண்ணாவது பசங்களுக்கு லாஜிஸ்டிக்ஸ் வேலைங்களைப் பத்தி வாரம் ஒரு பீரியட் எடுக்கணுமாம். அதை என் தலையில கட்டிட்டாங்க. மேப்புல நெடுஞ்சாலையைக் காட்டுவேன், துறைமுகத்தைக் காட்டுவேன். அதுக்கு மேல எனக்கு என்னடா தெரியும்? பாதிப் பசங்களோட அப்பா லாரியிலயும் குடோன்லயும்தான் இருக்காங்க. என்னைவிட அந்தப் பசங்களுக்கே நல்லாத் தெரியும்."

பள்ளி ஸ்ரீபெரும்புதூர் பக்கம். சுற்றிலும் குடோன்கள். மிஸ் சொன்னது சரிதான். நானும் ஏதோ சமாளித்துவிட்டு போனை வைத்தேன். ஆனால் கேள்வி மண்டைக்குள்ளேயே சுற்றியது. லாரி, கப்பல், குடோன் வேலையையெல்லாம் பள்ளிக்கூடத்தில் யார் சொல்லிக்கொடுப்பது? வேலை தெரிந்தவருக்குப் பாடம் நடத்தத் தெரியாது. பாடம் நடத்தத் தெரிந்தவருக்கு வேலை தெரியாது. இதை யாராவது ஏற்கெனவே யோசித்திருப்பார்கள் இல்லையா என்று தேடினேன். அமெரிக்காக்காரர்கள் நூறு வருஷத்துக்கும் மேலாக இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கதைதான் இன்றைக்கு.

1917 பிப்ரவரி 23. அதிபர் உட்ரோ வில்சன் ஸ்மித்-ஹியூஸ் சட்டத்தில் கையெழுத்துப் போடுகிறார். உயர்நிலைப் பள்ளிகளில் தொழிற்கல்விக்கு மத்திய அரசு முதல்முறையாகப் பணம் கொடுக்கிறது. சட்டத்துக்குப் பெயர் இரண்டு அரசியல்வாதிகளுடையது. பின்னால் இருந்த மூளை சார்ல்ஸ் ப்ராஸ்ஸர். அவருக்கு ஒரு விஷயத்தில் சமரசமே கிடையாது: ஒரு தொழிலைச் சொல்லிக்கொடுப்பவர் அந்தத் தொழிலைச் செய்து பிழைத்தவராக இருக்க வேண்டும். புத்தகம் படித்துவிட்டு வந்து பட்டறை வகுப்பு எடுக்கிறவரை அவர் ஆசிரியராகவே மதிக்கவில்லை.

சட்டத்திலும் அது இருக்கிறது. தொழிற்கல்வி ஆசிரியர் பயிற்சியில் சேருகிறவருக்கு அந்த வேலையில் போதுமான அனுபவம் இருக்க வேண்டும், அல்லது அந்த அனுபவத்தை அவர் பெற்றுக்கொண்டாவது இருக்க வேண்டும். இன்னொரு கிடுக்கிப்பிடியும் உண்டு. ஆசிரியர் சம்பளத்துக்கு மத்திய அரசுப் பணம் வேண்டுமா? 1920 ஜூன் மாதத்துக்குப் பிறகு, ஆசிரியர் பயிற்சிக்கான பணத்தையும் குறைந்தபட்ச அளவுக்காவது மாநிலம் எடுத்துச் செலவழித்திருக்க வேண்டும். பயிற்சி இல்லையென்றால் சம்பளப் பணமும் இல்லை. நம்ம ஊரில் முதலில் பாடத்தைத் தொடங்கிவிட்டு, ஆசிரியரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிற பழக்கத்தைப் பார்த்தவர்களுக்கு இது கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் இருக்கும்.

சட்டம் வந்து சரியாக ஆறே வாரம், ஏப்ரல் 6-ல் அமெரிக்கா முதல் உலகப்போரில் இறங்கிவிட்டது. படைகளையும் சரக்கையும் அட்லாண்டிக் கடலைத் தாண்டிக் கொண்டுபோகக் கப்பல் வேண்டும். கப்பல் கட்ட ஆள் வேண்டும். அந்த ஆட்களுக்குச் சொல்லித்தர ஆள் வேண்டும். அதே ஏப்ரலில் அரசு 'எமர்ஜென்சி ஃப்ளீட் கார்ப்பரேஷன்' என்று ஒரு நிறுவனத்தை ஆரம்பித்தது. அதில் பயிற்சிப் பொறுப்பு சார்ல்ஸ் ஆலன் கைக்கு வந்தது. மாசசூசெட்ஸ் மாநிலக் கல்வித்துறையில் தொழிற்பயிற்சியைக் கவனித்தவர், ப்ராஸ்ஸருக்கு நெருக்கமானவர்.

ஆலன் பள்ளி ஆசிரியர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கப்பல் கட்டக் கற்றுத்தரவில்லை. வர்ஜீனியாவில் நியூபோர்ட் நியூஸ் கப்பல் கட்டும் தளத்தில், கை தேர்ந்த தொழிலாளிகளைப் பொறுக்கி எடுத்து, சில வாரங்களில் அவர்களை வாத்தியார் ஆக்கினார்.

ரிவெட் அடிக்கிற வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் இரும்புத் தகடுகளை ஆணி அடித்துத்தான் இணைத்தார்கள். ஒருவர் ஆணியைப் பழுக்கக் காய்ச்சுவார். ஒருவர் வாங்கி ஓட்டையில் வைப்பார். ஒருவர் ஒரு பக்கம் தாங்கிப் பிடிப்பார். ஒருவர் மறுபக்கத்திலிருந்து அடித்து இறுக்குவார். இருபது வருஷம் அடித்தவரிடம் போய் "எப்படிண்ணே?" என்று கேட்டால், "பார்த்துக் கத்துக்கோ" என்பார். அவர் மேல் தப்பில்லை. கைக்குத் தெரிந்தது வாய்க்கு வராது.

ஆலன் இங்கே ஒன்றைப் பிரித்துக் காட்டினார். வேலையைச் செய்கிற வரிசை வேறு, சொல்லிக்கொடுக்கிற வரிசை வேறு. கப்பல் எந்த வரிசையில் கட்டப்படுகிறதோ அதே வரிசையில் பாடம் எடுத்தால், புதுசாக வந்தவருக்கு முதல் நாளே கஷ்டமான வேலை வந்து மாட்டும். அதனால் முதலில் வேலையைத் துண்டு துண்டாக உடைக்கணும், பிறகு எளிதில் தொடங்கிக் கடினத்துக்குப் போகிற மாதிரி அடுக்கணும். ஒவ்வொரு துண்டுக்கும் நான்கு படி: கற்பவரின் மனதைத் தயார்செய்வது, செய்து காட்டுவது, அவரையே செய்ய வைப்பது, கடைசியில் துணையில்லாமல் செய்கிறாரா என்று சோதிப்பது. 1919-ல் இதையெல்லாம் 'தி இன்ஸ்ட்ரக்டர், தி மேன் அண்ட் தி ஜாப்' என்று புத்தகமாகவும் போட்டார்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். எனக்கும் தோன்றியிருக்கும், என் சொந்தக் கதை இல்லாவிட்டால்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு குடோனுக்கான ஆப் எழுதினேன். எந்த ராக்கிலிருந்து எந்தப் பொருளை எடுக்கணும் என்று தொழிலாளிக்குப் பட்டியல் காட்டுகிற ஆப். பட்டியலைப் பொருளின் பெயர் வாரியாக, ஏ டு இசட் அடுக்கினேன். டெமோவில் அழகாக இருந்தது. நான் அதுவரை எந்த குடோனுக்குள்ளும் கால் வைத்ததில்லை. ஆப் போன முதல் வாரமே அங்கிருந்து சூப்பர்வைசர் அண்ணன் என்னை வரச்சொன்னார். திட்டவில்லை. ஒரு ட்ராலியைக் கையில் கொடுத்து, "தம்பி, உங்க லிஸ்ட்படி பத்து ஆர்டர் எடுத்துட்டு வாங்க" என்றார். முதல் பொருள் இந்த மூலையில், இரண்டாவது அந்த மூலையில், மூன்றாவது மறுபடியும் இந்த மூலையில். நாலாவது ஆர்டரிலேயே என் சட்டை நனைந்துவிட்டது. மறுநாள் பட்டியலை ராக் வரிசைக்கு மாற்றினேன்.

இதே அண்ணன் புது ஆட்களுக்குப் பயிற்சி கொடுப்பதையும் அன்றைக்குப் பார்த்தேன். ஸ்கேனர், லேபிள், எடை, பேக்கிங் எல்லாவற்றையும் ஐந்து நிமிஷத்தில் மடமடவென்று சொல்லிவிட்டு, "புரிஞ்சுதா?" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருத்தருக்கும் புரியவில்லை. ஆக, எனக்குப் பாடம் இல்லாமல் ட்ராலியாலேயே கற்றுக்கொடுத்த மனிதருக்கு, பாடம் என்று வந்ததும் வரவில்லை. ஆலன் நின்றது இந்த இடத்தில்தான்.

அன்றைய கப்பல் தளங்களில் மிகப் பெரியது ஃபிலடெல்ஃபியாவின் ஹாக் ஐலண்ட். ஒரே நேரத்தில் 50 கப்பல்களைக் கட்டும் மேடைகள். ஆனால் அங்கே கட்டிய 122 கப்பல்களில் ஒன்றுகூடப் போருக்கு உதவவில்லை, எல்லாம் போர் முடிந்த பிறகே தயாராயின. இப்போது அந்த இடத்தில் ஏர்போர்ட் இருக்கிறது. கப்பல்கள் தாமதமானாலும் ஆலனின் நான்கு படிகள் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. இரண்டாம் உலகப்போரில் பத்து மணி நேர வகுப்பாகச் சுருக்கி, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சூப்பர்வைசர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். போருக்குப் பின் அது ஜப்பானுக்குப் போனது, டொயோட்டாவுக்குள்ளும் நுழைந்தது. நாம் ஜப்பானிய மேனேஜ்மென்ட் என்று புல்லரிக்கிற விஷயத்தில் ஒரு பங்கு இந்தக் கப்பல் தளத்திலிருந்து போனது.

பாராட்டியே போகக் கூடாது. தத்துவஞானி ஜான் டூயி இந்தக் கோஷ்டியோடு அப்போதே சண்டை போட்டார். தொழிற்கல்வியைத் தனிப் பாதையாக்கினால், ஏழைப் பிள்ளைகளை முதலாளிக்கு ஏற்ற மாதிரி வார்த்துக் கொடுக்கிற வேலையாகிவிடும் என்பது அவர் பயம். அது வெறும் பயமாக நிற்கவில்லை. தென் மாநிலங்களில் கறுப்பினப் பள்ளிகளுக்கு இந்தப் பணம் குறைவாகவே போனது, கற்பித்த தொழில்களும் கீழ்மட்ட வேலைகளாகவே இருந்தன. "உன் அப்பா செய்கிற வேலைக்கே உன்னைத் தயார்செய்கிறோம்" என்று ஒரு பள்ளிக்கூடம் சொல்வது நமக்கு எப்படிக் கேட்கும் என்று சொல்லத் தேவையில்லை. 1953-ல் ராஜாஜியின் அரைநாள் பள்ளித் திட்டத்துக்கு எதிராகப் பெரிய போராட்டமே நடந்த ஊர் இது. மறுவருஷமே அந்தத் திட்டம் போய்விட்டது.

ப்ராஸ்ஸர், ஆலன் வழிக்கு நேர் எதிரான வழியும் ஒன்று இருந்தது. பென் ஸ்டேட்டில் இண்டஸ்ட்ரியல் எஞ்சினியரிங் நடத்திய ஏமஸ் நேஹார்ட். நிறுத்தி வைத்திருந்த அவர் காரில் குடித்துவிட்டு வந்த ஒருவர் மோதியதுதான் ஆரம்பம் என்று சொல்வார்கள். 1930-களின் முற்பாதியில் உள்ளூர் உயர்நிலைப் பள்ளியில், தன் சொந்தக் காரிலேயே மாணவர்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். ஆனால் ஒரு பேராசிரியர், ஒரு கார், எத்தனை பேருக்குச் சொல்லித்தர முடியும்? நம்ம மொழியில் சொன்னால், இது ஸ்கேல் ஆகாது. 1936-ல் அவர் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கே பயிற்சி வகுப்பு தொடங்கினார். இங்கே வந்தவர்கள் டிரைவர்கள் இல்லை, ஏற்கெனவே பாடம் நடத்திக்கொண்டிருந்த ஆசிரியர்கள். அவர்களைத்தான் ஸ்டீயரிங் பக்கம் திருப்பினார். பின்னாளில் லாரி கம்பெனிகளில் வண்டிகளைக் கவனிக்கிற சூப்பர்வைசர்களுக்கும் அதே பல்கலைக்கழகத்தில் வகுப்புகள் நடந்தன.

எது சரி என்று கேட்டால், 1956 வரை நான் ப்ராஸ்ஸர் பக்கம். அந்த வருஷம் ஏப்ரல் 26-ல், லாரித் தொழிலில் இருந்து வந்த மால்கம் மெக்லீன், 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பலில் 58 கன்டெய்னர்களை ஏற்றி, நூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். பழைய முறையில் ஒரு டன் சரக்கு ஏற்ற 5.83 டாலர் செலவு. அந்தக் கப்பலுக்கு 16 சென்ட்டுக்கும் குறைவு.

இப்போது துறைமுகத்தில் இருபது வருஷம் வேலை பார்த்து ஆசிரியரானவரை நினைத்துப் பாருங்கள். மூட்டையை எங்கே அடுக்குவது, பீப்பாயை எப்படி உருளாமல் முட்டுக்கொடுப்பது என்பதுதான் அவருடைய சொத்து. அடுத்த பத்து, பதினைந்து வருஷத்தில் அந்த வேலையே கரைந்துபோகிறது. தேவைப்படுகிறவர் கிரேன் ஓட்டுபவரும், யார்டில் எந்தப் பெட்டி எங்கே என்று திட்டமிடுபவரும். அனுபவத்துக்கும் எக்ஸ்பயரி டேட் உண்டு என்பதை ப்ராஸ்ஸரின் விதி கணக்கில் எடுக்கவே இல்லை. ஜேக்வெரியில் பத்து வருஷம் போட்ட சீனியர்கள் இதைக் கேட்டுப் பெருமூச்சு விடுவது எனக்குத் தெரிகிறது.

அதன் பிறகு வந்த சட்டங்களையெல்லாம் வரிசையாகச் சொல்லி உங்களைத் தூங்கவைக்கப் போவதில்லை. 2018-ல் வந்த பெர்கின்ஸ் சட்டத் திருத்தத்தில் ஒரு இடம் மட்டும் முக்கியம். ஆசிரியர்களின் பணித்திறன் பயிற்சி என்பதற்குள் 'எக்ஸ்டர்ன்ஷிப்' என்பதையும் சேர்த்திருக்கிறார்கள். ஆசிரியர் சில நாள் தொழிற்கூடத்துக்கோ நிறுவனத்துக்கோ போய், அங்கே இன்றைக்கு வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்து வருவது. ஒருமுறை சம்பாதித்த அனுபவம் போதாது, அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கணும் என்று ஒருவழியாக ஒத்துக்கொண்டுவிட்டார்கள்.

ப்ராஸ்ஸர் முழுசாகத் தோற்றுவிடவும் இல்லை. கலிஃபோர்னியாவில் குடோன்கள் சூழ்ந்த பேட்டர்சன் என்ற ஊரின் உயர்நிலைப் பள்ளியில், 2017-ல் லாரி ஓட்டும் தொழிலை ஒரு பாடமாகவே கொண்டுவந்தார்கள். நடத்தியவர் முன்பு லாரி ஓட்டிய ஆசிரியர். ஆனால் மாநில எல்லை தாண்டி லாரி ஓட்ட அங்கே பொதுவாக 21 வயதாக வேண்டும். பதினெட்டில் பள்ளி முடிக்கிறவர் மூன்று வருஷம் என்ன செய்வார்? அதையும் அந்த ஆசிரியர் வகுப்பில் பேசியாக வேண்டும். ஸ்டீயரிங்கைத் தாண்டி, உள்ளூர் ஓட்டங்கள், டிஸ்பாட்ச், வண்டிப் பராமரிப்பு என்று எத்தனை வாசல் இருக்கிறது என்பதும் பாடம்தான்.

இதையெல்லாம் படித்துவிட்டு மிஸ்ஸுக்குத் திரும்பக் கூப்பிட்டேன். "மிஸ், உங்களுக்குப் பாடம் நடத்தத் தெரியும். எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணனுக்கு வேலை தெரியும். ஒரு சனிக்கிழமை குடோனுக்கு வாங்க. அவர் செய்யறதைப் பார்த்து, அதைத் துண்டு துண்டா எழுதி அடுக்குங்க. அப்புறம் பசங்க அப்பாக்களையும் ஒவ்வொருத்தரா வகுப்புக்குக் கூப்பிடுங்க, நீங்க கேள்வி கேளுங்க, அவங்க சொல்லட்டும்."

அண்ணனிடமும் பேசினேன். "நான் என்ன தம்பி, வாத்தியாரா?" என்று சிரித்தார். பிறகு, "எத்தனை மணிக்கு வருவாங்க? காலையில லோடு இறங்குறப்ப வந்தாதான் எல்லாத்தையும் பாக்க முடியும்" என்றார்.

வெள்ளிக்கிழமை ராத்திரி மிஸ்ஸிடமிருந்து மெசேஜ். "செருப்பு போட்டுட்டு வரலாமா?"

"வேண்டாம் மிஸ். ஷூ போட்டுட்டு வாங்க. ட்ராலி கால்ல ஏறும்."