வாக்கு இயந்திரமும் தீவக வாக்குப் பெட்டியும்

தேர்தல் நாள் மாலையில் நெடுந்தீவின் வாக்குப் பெட்டிகள் கடல் கடந்தே யாழ்ப்பாணம் வந்து சேர வேண்டும். குறிகட்டுவானுக்குப் படகில் ஏறக்குறைய ஒரு மணிநேரம், அதன்பின் தரைவழி. ஊர்காவற்றுறைத் தொகுதியின் பெறுபேறு பிந்துவதற்கு இதுவும் ஒரு காரணம். இந்நிலையில் இலத்திரனியல் வாக்களிப்பு இயந்திரத்தைத் தேர்தல் அலுவலர்களிடம் பரிந்துரைப்போர் வேகம், சிக்கனம் ஆகிய இரண்டையுமே முன்வைக்கின்றனர். 2024 ஜனாதிபதித் தேர்தலின் வாக்குச்சீட்டு 27 அங்குல நீளமுடையதாக இருந்ததை நினைவுகூரும் எவருக்கும் இவ்வாதம் கவர்ச்சியானதே.

எனினும் அயல்நாட்டு அனுபவம் நோக்கற்பாலது. இந்தியா இவ்வியந்திரத்தை முதன்முதலில் 1982 இல் கேரளத்தின் பறவூர்த் தொகுதியில் சில வாக்குச் சாவடிகளில் பயன்படுத்தியது. சட்டத்தில் அதற்கு இடமில்லை எனக் கூறி 1984 இல் உச்சநீதிமன்றம் அவ்வாக்களிப்பைச் செல்லாததாக்கியது. சட்டம் திருத்தப்பட்ட பின்னரும், 2004 இலேயே நாடு முழுவதிலும் இயந்திரம் பயன்பாட்டுக்கு வந்தது. வாக்காளர் தம் வாக்கைக் காகிதத்தில் கண்டு உறுதிசெய்யும் கருவி 2013 இல்தான் சேர்ந்தது. அயர்லாந்தோ 5 கோடி யூரோவுக்கு மேல் செலவிட்டு வாங்கிய இயந்திரங்களை 2012 இல் பழைய இரும்பாகக் கழித்துவிட்டது. தொழில்நுட்ப அறிவில்லாத குடிமகனும் சரிபார்க்க இயலாத வாக்களிப்பு அரசியலமைப்புக்கு முரணானது என 2009 இல் ஜேர்மனிய அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இலங்கைக்கெனச் சில தனிச் சிக்கல்கள் உள்ளன. இந்திய இயந்திரம் மின்கலத்தில் இயங்குவது. எனவே தீவுகளுக்கு ஏற்றது. ஆனால் அது ஒரே தடவை அழுத்தும் பொத்தான். எமது பாராளுமன்றத் தேர்தலிலோ கட்சிக்கு ஒரு புள்ளடியும் மூவருக்கு விருப்பு வாக்கும் உண்டு. ஜனாதிபதித் தேர்தலில் மூன்று விருப்புத் தெரிவுகள். 2024 இல் இரண்டாம் விருப்பை எண்ணவேண்டியும் நேர்ந்தது. ஒரே புள்ளடி போதுமானது உள்ளூராட்சித் தேர்தலில் மாத்திரமே. பரீட்சித்துப் பார்ப்பதாயின் வேலணை, நெடுந்தீவு போன்ற பிரதேச சபைகளிலிருந்து தொடங்குவதே பொருத்தம் என்பது எமது கருத்து. அதுவும் காகிதச் சான்றுடன்.

இனி, விற்பனையாளர் பேசாத ஒரு விடயம். 1994 பொதுத்தேர்தலில் யாழ். மாவட்டத்தில் நூற்றுக்கு மூவர்கூட வாக்களிக்கவில்லை. பெரும்பாலும் தீவகத்தில் விழுந்த பத்தாயிரத்துச் சொச்சம் வாக்குகள் ஒரு தரப்புக்கு ஒன்பது ஆசனங்களைக் கொடுத்தன. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் அகதிகளாக இருந்த யாழ்ப்பாண முஸ்லிம்களின் வாக்குகளால், சுமார் இரண்டாயிரத்துடன், ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் ஓர் ஆசனம் பெற்றது. அன்று எண்ணிக்கையில் பிழை இருக்கவில்லை. எண்ணுவதற்கு மக்களின் வாக்குகளே இருக்கவில்லை. 2001 நவம்பர் 28 இல் நாரந்தனையில் பிரசாரத்துக்குச் சென்றோர் தாக்கப்பட்டு இருவர் உயிரிழந்ததும், 2019 நவம்பர் 16 இல் புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கச் சென்ற முஸ்லிம்களின் பஸ்கள் தந்திரிமலையில் தாக்கப்பட்டதும் வாக்குச் சாவடிக்கு வெளியே நிகழ்ந்தவை.

2023 இல் உள்ளூராட்சித் தேர்தல் நடைபெறாமற்போனதற்குச் சொல்லப்பட்ட காரணம் பணமின்மை. அடிப்படை உரிமை மீறப்பட்டதாக 2024 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இயந்திரம் வாங்கப் பணம் கிடைக்குமாயின், இடம்பெயர்ந்தோரின் வாக்காளர் பதிவுக்கும் பாதுகாப்பான பயணத்துக்கும் அதில் எவ்வளவு ஒதுக்கப்படும் என்பதை ஆணைக்குழு முதலில் அறிவிக்கட்டும்.