நேரலைக்கு யார் சொந்தக்காரர்?

1993 ஹீரோ கோப்பையை ஒளிபரப்புவதில் வங்காள கிரிக்கெட் சங்கத்துக்கும் தூர்தர்ஷனுக்கும் எழுந்த மோதல் உச்ச நீதிமன்றம் வரை போனது. வான் அலைகள் பொதுச்சொத்து, அரசின் ஏகபோகம் அல்ல என்று 1995-இல் தீர்ப்பு வந்தது. தனியார் சேனல்கள் பெருகின. ஆட்டத்தைக் கட்டணம் செலுத்திப் பார்க்க வேண்டியதாயிற்று. அதைச் சமன்செய்யவே, தேசிய முக்கியத்துவம் வாய்ந்த போட்டிகளின் நேரலையைத் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியுடன் பகிர வேண்டும் என்றது 2007-ஆம் ஆண்டுச் சட்டம்.

அச்சட்டம் தொலைக்காட்சி, வானொலியோடு நின்றுவிட்டது. பார்வையாளர்களோ கைப்பேசிக்கு மாறிவிட்டார்கள். இணைய நேரலையையும் பகிரச் சொன்னால் உரிமை வாங்கியவர் நட்டப்படுவார், விளையாட்டுக்கு வரும் பணமும் குறையும் என்ற எதிர்வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் தொலைக்காட்சி விளம்பர வருவாயில் குறைந்தது 75 விழுக்காட்டை உரிமையாளருக்கே அச்சட்டம் ஒதுக்கியிருக்கிறது. பகிரப்பட்ட நேரலையைத் தனியார் கேபிள்காரர்கள் பயன்படுத்தக் கூடாது என்று 2017-இல் உச்ச நீதிமன்றமும் வரம்பு கட்டியது. இதே பங்கீட்டையும் வரம்பையும் இணைய நேரலைக்கும் நீட்டிப்பதே நியாயம்.