மூலக்கோப்பு யாரிடம்? தமிழ்ச் சுயவெளியீட்டில் மின்னூல் வடிவமைப்பின் இடம்

தமிழில் சுயவெளியீடு பற்றிய பேச்சு பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு நின்றுவிடுகிறது. பதிப்பாளர் இல்லாமல் எழுத்தாளர் வாசகரை அடைய முடியுமா என்பது ஒன்று. அதில் வருமானம் எவ்வளவு என்பது மற்றொன்று. 2016 டிசம்பரில் கிண்டிலில் தமிழ் சேர்க்கப்பட்டது. 2018இல் அமேசானின் 'பென் டு பப்ளிஷ்' போட்டி தமிழுக்கும் வந்தது. அவற்றுக்குப் பின் இக்கேள்விகள் மேலும் உரத்து ஒலித்தன. வடிவமைப்போ அட்டைப்படத்துக்கு அடுத்த ஒப்பனையாக, கடைசி இரவில் முடிக்கும் வேலையாக ஒதுங்கிப்போனது. இக்கட்டுரை அந்த வரிசையை மறுக்கிறது. தமிழ் மின்னூலில் வடிவமைப்பு பதிப்புப்பணியேதான். முறையாக வடிவமைத்த மூலக்கோப்பைத் தன்னிடம் வைத்திருப்பவரே நூலை வெளியிட்டவர் ஆகிறார்; தளத்தில் ஏற்றிவிட்டு அதைக் கைவிட்டவர் தன் எழுத்தை ஒரு கடையில் ஒப்படைத்தவர் மட்டுமே.

எழுத்தாளரே பதிப்பாளராவது நமக்குப் புதிதன்று. ஆறுமுக நாவலர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் யாழ்ப்பாணத்தில் சொந்த அச்சுக்கூடம் நிறுவினார். பாடத்தைத் தீர்மானிப்பதும், சந்தி பிரிப்பதும், நிறுத்தக்குறி இடுவதும், தாளில் ஏற்றுவதும் அங்கே ஒரே பணியின் பகுதிகளாக இருந்தன. பாரதி 1908இல் 'ஸ்வதேச கீதங்கள்' நூலைத் தாமே வெளியிட்டார். 1920இல் தம் எழுத்துகளை நாற்பது நூல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் பத்தாயிரம் படி அச்சிட நண்பர்களிடம் கடன் கேட்டுச் சுற்றறிக்கை விடுத்தார். அடுத்த ஆண்டே அவர் மறைந்தார், திட்டம் நடக்கவில்லை. அவரைத் தடுத்த பெரிய தடை முதல். இன்று அந்தத் தடை ஏறக்குறைய இல்லை. அச்சுச் செலவும் இல்லை, விற்காத படிகளை அடுக்கிவைக்க இடமும் வேண்டாம். ஆனால் நாவலர் கையில் இருந்த ஒன்று இன்றைய சுயவெளியீட்டாளர் பலரிடம் இல்லை. தன் நூலின் ஒவ்வொரு எழுத்தும் எங்கே, எப்படி நிற்கிறது என்பதன் மீதான ஆளுகைதான் அது.

இந்த இழப்பு எழுத்துருவில் தொடங்குகிறது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் டிடிபி நிலையங்கள் பேஜ்மேக்கரில் கோத்த நூல்களில் பெரும்பகுதி பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் உள்ளன. அவற்றில் சேமிக்கப்பட்டிருப்பது தமிழ் அன்று. ஆங்கில எழுத்துகளுக்கு உரிய எண்களின் மேல் தமிழ் உருவங்கள் போர்த்தப்பட்டுள்ளன. எழுத்துருவை நீக்கினால் பொருளற்ற உரோமன் எழுத்துகள் மிஞ்சும். தாளில் அச்சேறியதும் அந்தக் கோப்பின் கடமை முடிந்துவிட்டதால் இது அன்று குறையாகத் தெரியவில்லை. அதே எழுத்தாளர் பத்தாண்டுக்குப் பின் தன் நாவலை மின்னூலாக்க வரும்போதுதான் தெரிகிறது.

எதிர்த்திசையில் நடந்த பணி ஒன்றுண்டு. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர்களைக் கொண்டு பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதியது. தொடக்க ஆண்டுகளில் அவர்கள் கையாண்டது டிஸ்கி என்னும் குறிமுறை. 1999இல் தமிழ்நாடு அரசு டாப், டாம் என வேறு இரண்டைத் தரப்படுத்தியது. பின்னர் யூனிகோட் பரவியது. 2010இல் அரசும் யூனிகோடை ஏற்றது. இத்தனை மாற்றங்களுக்கு நடுவிலும் மதுரைத் திட்டத்தின் நூல்கள் அழியவில்லை. டிஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றப்பட்டு இன்றும் வாசிக்கப்படுகின்றன. திறந்த, விவரம் வெளியிடப்பட்ட குறிமுறையில் எளிய உரையாக அவை இருந்ததே காரணம். பக்கத்தின் அழகைக் காத்த கோப்புகள் முடங்கின. உரையைக் காத்த கோப்புகள் பிழைத்தன.

யூனிகோடுக்கு மாற்றிவிட்டால் போதும் என்று எண்ணுவதும் தவறு. ஔகாரத்தைப் பாருங்கள். அதன் வலப்பக்க உறுப்பு ளகரத்தைப் போலவே இருப்பதால், 'கௌதமன்' என்பதை 'கெளதமன்' என்றும் 'ஔவை' என்பதை 'ஒளவை' என்றும் தட்டெழுதும் வழக்கம் வேரூன்றியிருக்கிறது. மாற்றி நிரல்களும் பழைய கோப்பில் உள்ளபடியே ளகரத்தைக் கொண்டுவந்துவிடுவது உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. பல எழுத்துருக்களில் நுணுகிப் பார்த்தாலும் வேறுபாடு தெரியாது. கணினிக்கோ இரண்டும் வேறு வேறு சொற்கள். 'ஔவையார்' என்று தேடும் வாசகருக்கு 'ஒளவையார்' பற்றிய அத்தியாயம் கிடைக்காது. சொல்லடைவில் இவர் ஓகாரத்துக்குப் பின்னே நிற்க வேண்டியவர், 'ஒளி'க்கு அருகில் போய் நிற்பார். பார்வையற்ற வாசகர் திரைவாசிப்பானில் கேட்டால் ஒகரமும் ளகரமும் தனித்தனியே ஒலிக்கும். பார்வைக் குறைபாடுடையோருக்கு நூல்களை எளிதாக்கும் மராகேஷ் ஒப்பந்தத்தை 2014இல் எந்த நாட்டுக்கும் முன்பாக ஏற்புறுதி செய்தது இந்தியா. அந்த உரிமை வாசகர் காதை எட்டுவது இப்படிப்பட்ட ஓர் எழுத்தில் தங்கியிருக்கிறது. அச்சில் மெய்ப்புத் திருத்துவோர் கண்ணை நம்பினார்கள். அது போதுமாக இருந்தது. மின்னூலில் கண் சாட்சியாகாது. கோப்பு முழுவதும் 'ஒ' எழுத்தையோ 'ெ' குறியையோ அடுத்து ளகரம் வரும் இடங்களைத் தேடி, ஒவ்வொன்றையும் பொருள் பார்த்துத் திருத்த வேண்டும். 'தெளிவு', 'வெள்ளி' ஆகியவை சரியானவை என்பதால் ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் மாற்றவும் முடியாது. நூலை அறிந்தவரே செய்ய வேண்டிய பதிப்பு வேலை இது.

அடுத்தது கட்டமைப்பு. இன்று உலகப் பொதுத் தரமாக உள்ள ஈபப், உள்ளே திறந்து பார்த்தால், இணையப் பக்கங்களை ஒத்த சில கோப்புகளின் சுருக்கிய பொதிதான். அத்தியாயங்கள், அவற்றின் தோற்றத்தைச் சொல்லும் பாணித்தாள், நூலின் பெயரையும் ஆசிரியரையும் மொழியையும் சொல்லும் விவரக் கோப்பு, பொருளடக்கம் ஆகியவை அதில் இருக்கும். அது கேட்பது ஒன்றே. எது தலைப்பு, எது பத்தி, எது மேற்கோள், எது அடிக்குறிப்பு என்று எழுத்தாளர் சொல்லிவிட வேண்டும். வேர்டில் எழுதும் நம்மில் பலர் அதைச் சொல்வதில்லை. தலைப்பைத் தடித்த எழுத்தாக்கிப் பெரிதாக்குகிறோம். அடுத்த பக்கத்துக்குப் போக 'என்டர்' விசையை அழுத்திக்கொண்டே இருக்கிறோம். பத்தித் தொடக்கத்தில் இடைவெளி விசையைத் தட்டுகிறோம். தாளுக்கு இது போதும். கைபேசித் திரையில் அந்த வெற்று வரிகள் வெற்றுத் திரைகளாகும், பொருளடக்கம் உருவாகாது. தலைப்புக்கு உரிய பாணியை வேர்டிலேயே இட்டிருந்தால், கலிபர் போன்ற இலவசச் செயலி அதையே ஈபப்பின் தலைப்பாக எடுத்துக்கொள்ளும். மிஞ்சும் திருத்தங்களை சிகில் என்னும் ஈபப் திருத்தும் செயலியில் செய்யலாம்.

மொழியைக் குறிப்பதும் சிறிய செய்தியன்று. நூலின் மொழி தமிழ் என்று கோப்பில் சொல்லாவிட்டால், திரைவாசிப்பான் தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுக்காமல் போகலாம். வரியிறுதியில் சொல்லைப் பிரிக்கும் விதியும் இயங்காது. தமிழ்ச் சொற்கள் ஒட்டுகளால் நீண்டவை. சிறு திரையில் இரு ஓரமும் நேராக்கினால் சொற்களுக்கிடையே பெரும் பள்ளங்கள் விழும். உரைநடைக்கு இடது ஓரத்தை மட்டும் நேராக்கி வலதை விட்டுவிடுவதே நல்லது என்பது என் துணிபு.

செய்யுள்தான் இத்துறையின் கடினமான பகுதி, தமிழுக்கே உரிய பகுதியும்கூட. குறள் வெண்பாவின் முதலடி நான்கு சீர், இரண்டாமடி மூன்று சீர். நேரிசை வெண்பாவில் இரண்டாமடியின் இறுதியில் தனிச்சொல் ஒரு கோட்டுக்கு அப்பால் நிற்கும். யாப்பு அறிந்த வாசகருக்கு இந்த நிற்கை வெறும் அழகன்று. அடியையும் எதுகையையும் கண் பற்றிக்கொள்ளும் வழி. திரையில் எழுத்தின் அளவை வாசகரே தீர்மானிக்கிறார். முதியவர் ஒருவர் எழுத்தைப் பெரிதாக்கியதும் முதலடியின் நான்காம் சீர் கீழே விழுந்து, தானே ஓர் அடிபோல நிற்கும்; குறள் மூன்றடியாகத் தோன்றும். தனிச்சொல்லை இடைவெளி விசையால் தள்ளி வைத்திருந்தால் அது எங்கோ ஒதுங்கும். இதைத் தடுக்கச் செய்யுளைப் படமாக ஒட்டுவோர் உண்டு; தேடவும் முடியாத, பெரிதாக்கவும் முடியாத, செவிக்கும் எட்டாத செய்யுளாக அது முடியும். சரியான வழி எளியது. ஒவ்வோர் அடியையும் தனி அலகாகக் குறித்து, மடியும் பகுதி உள்தள்ளி நிற்குமாறு பாணித்தாளில் ஒருமுறை எழுதிவிட வேண்டும். அப்போது நான்காம் சீர் கீழே இறங்கினாலும் அது அடியின் தொடர்ச்சி என்று கண்ணுக்குத் தெரியும். உரைநூலில் மூலம், பதவுரை, விளக்கம் மூன்றுக்கும் இவ்வாறே வெவ்வேறு பாணி தர வேண்டும். எது மூலம், எது உரை என்று பிரிப்பதில் பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டை அறிந்தவர்கள் இதை ஒப்பனை என்று சொல்ல மாட்டார்கள்.

இவ்வளவு தொல்லை எதற்கு, பிடிஎஃப் போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு நியாயம் இருந்தது. கிண்டில் தமிழைச் சரிவரக் காட்டாத காலத்தில் பிடிஎஃப் ஒன்றே பிசகாத வடிவம். 2013இல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் குழு இதை நன்கு உணர்ந்திருந்தது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் எழுத்தாளர்கள் தந்த நூல்களை ஈபப், மோபி வடிவங்களோடு ஆறு அங்குலத் திரைக்கென்றே அளந்த பிடிஎஃப்பாகவும் வழங்கியது. ஆனால் அங்கே பிடிஎஃப் ஒரு வழிப்பொருள். மூலம் கட்டமைப்புள்ள உரையாகவே இருந்தது. இந்த வரிசை தலைகீழாகி பிடிஎஃப்பே மூலமாகும்போதுதான் சிக்கல். அதிலிருந்து தமிழை நகலெடுத்தால் கொம்பும் காலும் இடம் மாறி வருவதைப் பலர் கண்டிருப்பார்கள்.

வலுவான எதிர்வாதம் வேறு. வேர்ட் கோப்பைத் தந்தால் தளமே மாற்றித் தருகிறதே, எழுத்தாளர் ஏன் தொழில்நுட்பராக வேண்டும்? இதற்கு விடை தளங்களின் நிபந்தனைகளில் இருக்கிறது. அமேசானில் இந்திய விற்பனைக்கு எழுபது விழுக்காட்டு உரிமத்தொகை வேண்டுமானால் நூலை கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர்க்க வேண்டும், இல்லையேல் முப்பத்தைந்து. சேர்த்தால் தொண்ணூறு நாள் தவணைகளில் மின்வடிவம் அங்கே மட்டுமே இருக்கலாம், எழுத்தாளரின் சொந்த வலைத்தளத்தில்கூட முழு நூலைத் தரக்கூடாது. ஒருவர் இதை ஏற்பதில் தவறில்லை. வாசகர் அங்கேதான் இருக்கிறார்கள். ஆனால் தவணை முடிந்து வெளியே வரும் நாளில் அவர் கையில் என்ன இருக்கும்? கிண்டிலின் அடித்தளமாக நெடுநாள் இருந்த மோபி வடிவத்தைப் புதிய நூல்களுக்கு ஏற்பதை அந்நிறுவனம் 2021இல் நிறுத்தியது; ஈபப்பைத் தொடர்ந்து ஏற்றது. மோபியை மட்டுமே வைத்திருந்தவர் மீண்டும் தொடக்கத்துக்குப் போனார். ஈபப் வைத்திருந்தவர் எதையும் மாற்றவில்லை. 2025 பிப்ரவரியில், வாங்கிய நூலைக் கணினிக்கு இறக்கி யூஎஸ்பி வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதியும் போனது. வாசகர் படி வைத்திருப்பார் என்ற நம்பிக்கையும் இதனால் தளர்கிறது. இந்நிலையில் எழுத்தாளரின் மூலக்கோப்பே நூலின் கடைசிப் படியாக எஞ்சக்கூடும்.

நூலகங்கள் இதை இன்னும் போதிய அளவு எண்ணிப்பார்க்கவில்லை. 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குப் பதிப்பாளர் படி அனுப்ப வேண்டும். அச்சுநூலை மனத்தில் வைத்து எழுதிய சட்டம் அது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் பழைய கடைகளிலும் வீடுகளிலும் தேடித்தேடிச் சேர்த்ததால்தான் பல சிற்றச்சக நூல்கள் இன்று சென்னையில் அவர் பெயர் தாங்கிய ஆய்வு நூலகத்தில் இருக்கின்றன. யாரோ விலைகொடுத்து வாங்கிய படி யாரோ ஒருவரிடம் தங்கியது; அதனால் சேகரிக்க முடிந்தது. உரிமம் மட்டும் விற்கப்படும் மின்னூலுக்கு அப்படி ஒரு சேகரிப்பாளர் தோன்ற வழியில்லை. எழுத்தாளர் ஈபப் கோப்பை நூலகத்திடம் கொடுத்தாலொழிய, 2016க்குப் பின் மின்வடிவில் மட்டும் வெளிவந்த தமிழ்ப் புனைவை நாளைய ஆய்வாளர் பார்க்கவே முடியாது. பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் இத்தகைய ஒப்படைப்பை ஏற்கத் தொடங்குவதற்குப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஆய்வாளருக்கு மற்றுமொரு சிக்கல் உண்டு. தளத்தில் உள்ள மின்னூலை ஆசிரியர் எந்த நாளும் மாற்றி ஏற்றலாம். முந்தைய வடிவத்தின் தடம் வாசகருக்குத் தெரியாது. ஒரு வாக்கியத்தை மேற்கோள் காட்டினால், அடுத்த ஆண்டு அது அங்கே இல்லாமல் போகலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தலைப்புப் பக்கங்கள் இந்த வகையில் நம்மைவிடக் கவனமானவை. பாடத்தைப் பரிசோதித்தவர் யார், எந்த அச்சுக்கூடம், எந்த ஆண்டு என்று அவை சொல்லின. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் நூல்களில் மின்னூலாக்கியவர் பெயர் தனியே அச்சாவது அந்த மரபோடு சேர்வது. சுயவெளியீட்டாளர் ஒவ்வொருவரும் தன் மின்னூலின் முதற்பக்கத்தில் பதிப்பெண், கடைசியாகத் திருத்திய தேதி, எதிலிருந்து எது மாறியது என்ற சிறு குறிப்பு, மெய்ப்புத் திருத்தியவரும் மின்னூலாக்கியவரும் யார் என்ற விவரம் ஆகியவற்றைத் தர வேண்டும். அவற்றையே விவரக் கோப்பிலும் எழுதி, முந்தைய பதிப்பின் ஈபப்பை அழிக்காமல் தேதியிட்ட தனிக் கோப்பாக வைத்துக்கொள்ள வேண்டும்.