ஓல்ட் ஃபேஷன்ட்: பெயரே ஒரு புகார்தான்

காக்டெயில் என்றதும் கலர் கலராய் ஜூஸ், மேலே ஒரு குட்டிக் குடை... இதுதான் பலருக்கும் ஞாபகம் வரும். ஆனால் 1806-இல் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் ரொம்பச் சிக்கனம். நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் என்ற ஊரில் வெளிவந்த பத்திரிகை ஒன்று, வாசகர் கேட்டதற்குப் பதிலாக அதை விளக்கியது: ஏதாவது ஒரு மது, சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ். (மூலிகை, வேர், பட்டைகளை ஊறவைத்து எடுக்கும் கசப்புச் சாறுதான் பிட்டர்ஸ். சொட்டுக் கணக்கில் விடுவார்கள்.) அவ்வளவுதான்.

1870-களில் பார்டெண்டர்களுக்குக் கை சும்மா இருக்கவில்லை. அப்சிந்த், மரஸ்கினோ, க்யூரசாவ் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். பழைய ஆட்களுக்கு எரிச்சல். "இதெல்லாம் வேண்டாம், அந்தக் காலத்து மாதிரி கொடு" என்று கேட்கப்போய், அதுவே பெயராக நிலைத்துவிட்டது: ஓல்ட் ஃபேஷன்ட்.

கென்டக்கியின் லூயிவில் நகரம் வேறு கதை சொல்லும். அங்குள்ள பென்டென்னிஸ் கிளப்பின் பார்டெண்டர் ஒருவர், ஜேம்ஸ் பெப்பர் என்ற போர்பன் முதலாளிக்காக இதைக் கலந்தாராம். அவர் அதை நியூயார்க்கின் வால்டார்ஃப் ஹோட்டலுக்குக் கொண்டுபோனாராம். 1931-இல் வந்த ஒரு புத்தகம் இந்தக் கதையைப் பரப்பியது. கணக்குதான் உதைக்கிறது! கிளப் தொடங்கியதே 1881-இல். சிகாகோ நாளிதழில் இந்தப் பெயர் 1880-இலேயே வந்துவிட்டது. இருந்தும் 2015-இல் லூயிவில் இதைத் தன் அதிகாரபூர்வ காக்டெயிலாக அறிவித்துக்கொண்டது. வியாபாரத்துக்கு ஒரு பிறப்புச் சான்றிதழ் தேவைப்படும்தானே?

வீட்டில் செய்ய நினைப்பவர்களுக்கு, ஜார்ஜ் காப்லர் 1895-இல் எழுதிய முறையே போதும். கிளாஸில் ஒரு சின்ன சர்க்கரைக் கட்டியைக் கொஞ்சம் தண்ணீரில் கரைக்க வேண்டும். அங்கோஸ்துரா பிட்டர்ஸ் இரண்டு உதறல். ஒரு துண்டு ஐஸ், ஒரு துண்டு எலுமிச்சைத் தோல், ஒரு ஜிக்கர் விஸ்கி (60 மில்லி என்று வைத்துக்கொள்ளலாம்). ஸ்பூனால் கலக்கினால் முடிந்தது. ஷேக்கர்கூட வேண்டாம்.

சிக்கல் அந்த விஸ்கியில்தான். ஜூஸ், சோடா எதுவும் இல்லாததால் மட்டமான சரக்கு ஒளிந்துகொள்ள இடமே இல்லை. அன்றைக்கோ மட்டமான சரக்குதான் ஊரெல்லாம். நிறமில்லாத மலிவு ஸ்பிரிட்டில் எரித்த சர்க்கரையும் ப்ரூன் பழச்சாறும் கலந்து, "பழைய போர்பன்" என்று விற்றார்கள். பீப்பாயிலிருந்து ஊற்றிக் கொடுத்தால் வாங்குபவருக்கு எப்படித் தெரியும்?

எட்மண்ட் டெய்லர் என்ற கென்டக்கி டிஸ்டிலரி முதலாளியும், அதே மாநிலத்துக்காரரான நிதித்துறைச் செயலர் ஜான் கார்லைலும் முன்னின்றதில் 1897-இல் 'பாட்டில்ட் இன் பாண்ட்' சட்டம் வந்தது. ஒரே டிஸ்டிலரி, ஒரே பருவத்துச் சரக்கு, அரசுக் கண்காணிப்பில் உள்ள கிடங்கில் குறைந்தது 4 வருடம், சரியாக 50 சதவீத ஆல்கஹால். இத்தனையும் இருந்தால் பாட்டிலின் மேல் அரசு முத்திரை. டெய்லருக்கு இதில் சுயலாபம் இல்லாமல் இல்லை. கலப்படக்காரர்கள் அவருடைய நேரடிப் போட்டியாளர்கள். ஆனாலும் பாட்டிலில் என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்கு முதல்முறையாக அரசே உத்தரவாதம் தந்தது.

1920-இல் மதுவிலக்கு வந்ததும் பார்களெல்லாம் மூடின. ஆறு நிறுவனங்களுக்கு மட்டும் மருந்து விஸ்கி விற்க உரிமம் கிடைத்தது. டாக்டர் சீட்டு இருந்தால் பத்து நாளைக்கு ஒரு பைன்ட், மருந்துக்கடையில். அந்த பாட்டில்களின் கழுத்திலும் அதே முத்திரை ஒட்டியிருந்தது.