ஓசெயா

ஓசெயா, வடக்கு இஸ்ரவேல் அரசின் கடைசி மன்னன். ஏலா என்பவரின் மகன். சமாரியாவைத் தலைநகராகக் கொண்டு ஏறத்தாழ கி.மு. 732 முதல் 723 வரை, விவிலியக் கணக்கின்படி ஒன்பது ஆண்டுகள் ஆண்டான். அவன் சிறைப்பட்டபின் சமாரியாவை அசீரியர் பிடித்தனர்; சாலமோனுக்குப் பின் பிரிந்து இருநூறு ஆண்டுகள் நீடித்த வடநாடு அசீரிய மாகாணமாயிற்று. அதே நூற்றாண்டில் வடநாட்டில் வாழ்ந்த தீர்க்கதரிசி ஓசியா வேறு ஆள்.

மன்னன் இரண்டாம் யெரொபெயாம் இறந்த பிறகு அந்த நாட்டில் அரியணை நிலைக்கவில்லை. கால் நூற்றாண்டுக்குள் ஆறு பேர் ஆண்டார்கள். சகரியா ஆறு மாதம், சல்லூம் ஒரே மாதம். ஓசெயாவுக்கு முந்தைய ஐவரில் கொலையாகாமல் இறந்தவன் மெனாகேம் ஒருவனே. அவனும் அசீரிய மன்னனுக்கு 1,000 தாலந்து வெள்ளி கொடுத்துத்தான் பதவியைக் காத்துக்கொண்டான். அந்த வெள்ளியைச் செல்வந்தர்களிடம் தலைக்கு 50 சேக்கல் வீதம் வசூலித்தான். பின்னர் வந்த பெக்கா, தமஸ்கு மன்னன் ரேத்சீனோடு சேர்ந்து அசீரியாவை எதிர்த்தான். விளைவாக, கி.மு. 734–732 படையெடுப்புகளில் அசீரிய மன்னன் மூன்றாம் திகிலாத்பிலேசர் கலிலேயாவையும் கீலேயாத்தையும் பறித்துக்கொண்டான். எப்பிராயீம் மலைநாடும் தலைநகரும்தான் மிச்சம்.

அந்த மிச்சத்துக்குத்தான் ஓசெயா மன்னனானான். அவன் சதி செய்து பெக்காவைக் கொன்றான் என்கிறது இரண்டாம் இராஜாக்கள் நூல். மக்களே பெக்காவை வீழ்த்தினார்கள், ஓசெயாவை அரசனாக அமர்த்தியது நான் என்கிறது திகிலாத்பிலேசரின் கல்வெட்டு. இரண்டும் முரண்பட வேண்டியதில்லை. கத்தி ஓசெயாவுடையது, ஒப்புதல் அசீரியாவுடையது என்று கொண்டால் போதும். அவன் செலுத்திய கப்பத்தில் 10 தாலந்து பொன் இருந்ததாகக் கல்வெட்டை வாசிக்கிறார்கள். திகிலாத்பிலேசர் அப்போது தெற்கு பாபிலோனியாவில் சர்ரபானு நகரில் போர் நடத்திக்கொண்டிருந்தான்; கப்பம் அங்கேயே போய்ச் சேர்ந்தது.

கி.மு. 727இல் திகிலாத்பிலேசர் இறந்து ஐந்தாம் சல்மனாசார் பட்டத்துக்கு வந்தான். பேரரசன் மாறும்போது கப்பம் கட்டும் சிற்றரசர்கள் அதை நிறுத்திப் பார்ப்பது அக்காலத்து வழக்கம். ஓசெயா முதலில் பணிந்தான்; பிறகு எகிப்துக்குத் தூதனுப்பிவிட்டு ஆண்டுக் கப்பத்தை நிறுத்தினான். அவன் நாடிய எகிப்து மன்னனை விவிலியம் ‘சோ’ என்கிறது. இவன் தானிஸ் நகரத்து நான்காம் ஒசோர்கோன் என்பார் பலர். அது ஆளின் பெயரே அல்ல, சாயிஸ் நகரைக் குறிக்கிறது என்பார் வேறு சிலர். யாராக இருந்தாலும், நைல் கழிமுகம் அன்று பல குறுநில மன்னர்களிடையே சிதறிக் கிடந்தது. தெற்கிலிருந்து குஷ் அரசர்கள் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த எகிப்திலிருந்து படை வந்ததாக எந்தப் பதிவும் இல்லை. ஓசெயாவின் பெரும்பிழை கலகம் செய்தது என்பதைவிட, நம்பத்தகாத துணையை நம்பியது என்றே சொல்ல வேண்டும்.

சல்மனாசார் அவனைப் பிடித்துச் சிறையிட்டான். விவிலிய வரிசையின்படி இந்தக் கைது சமாரியா முற்றுகைக்கு முன்பே நடந்துவிட்டது. அப்படியானால் மூன்றாண்டு முற்றுகையைச் சமாரியா மன்னன் இல்லாமலே தாங்கியது. சிறைக்குப் பின் ஓசெயாவைப் பற்றி ஒரு வரிகூட எங்கும் இல்லை.

நகரைப் பிடித்தது யார் என்பது பழைய விவாதம். பாபிலோனிய நாளேடு அந்தச் செயலைச் சல்மனாசார் பெயரில் எழுதுகிறது. அவனுக்குப் பின் வந்த இரண்டாம் சர்கோனோ தன் கல்வெட்டுகளில் அதைத் தன் வெற்றியாகவே பறைசாற்றுகிறான். 27,290 பேரைப் பெயர்த்துக்கொண்டு போனதாக ஓரிடத்திலும் 27,280 என்று வேறோரிடத்திலும் கணக்குச் சொல்கிறான். நகரம் சுமார் கி.மு. 722இல் சல்மனாசாரிடம் விழுந்தது, 720இல் சிரியாவின் ஆமாத்தோடு சேர்ந்து மறுபடி கிளர்ந்தபோது சர்கோன் அடக்கினான் என்று வரலாற்றாசிரியர் ஹயிம் தத்மோர் 1958இல் முன்வைத்த விளக்கம் இன்றும் செல்வாக்குள்ளது.

பெயர்க்கப்பட்டவர்கள் ஆபோர் ஆற்றங்கரை, ஆலாக், மேதியரின் நகரங்கள் ஆகிய இடங்களில் குடியேற்றப்பட்டனர். பிற்காலத்தில் ‘காணாமல்போன பத்துக் கோத்திரங்கள்’ என்ற கதை இதிலிருந்து வளர்ந்தது. எல்லோரும் காணாமல் போய்விடவில்லை. அசீரிய நகரான நிம்ரூத்தில் கிடைத்த குதிரைப்படைப் பட்டியல்களில் சர்கோனின் சேனையில் சமாரியத் தேர்ப்படை அதிகாரிகள் தனிப் பிரிவாகவே இடம்பெறுகிறார்கள். ஊரில் தங்கிவிட்டவர்களும் ஏராளம். அவர்களோடு பாபிலோன், கூத்தா, ஆமாத் மக்களும் அரபுக் குடிகளும் கொண்டுவந்து கலக்கப்பட்டனர்.

இன்றைய மேற்குக்கரையில் செபஸ்தியா கிராமத்தருகே உள்ள சமாரியா மேட்டை 1930களில் அகழ்ந்த குழுவில் இருந்த கேத்லீன் கென்யன், அங்கிருந்த சாம்பல் அடுக்கை அசீரிய அழிவின் தடயமாகக் கண்டார். தொல்லியலாளர் ரான் தாப்பி அந்த அகழாய்வுப் பதிவுகளை மறுபடி ஆராய்ந்து, அந்த அடுக்கு ஒரே காலத்தது அல்ல என்று காட்டினார். மாகாணத் தலைநகராகப் பயன்படுத்தவிருந்த ஊரை அசீரியர் எரித்திருக்கத் தேவையும் இல்லை.

ஓசெயாவின் பெயரோடு ஒரு முத்திரையும் உண்டு. செம்மஞ்சள் கல்லில், எகிப்திய உடையில் நிற்கும் ஒருவனின் உருவத்துடன், ‘ஓசெயாவின் ஊழியன் அப்தி’க்கு உரியது என்று பழைய எபிரேய எழுத்தில் பொறித்தது. 1990களில் கல்வெட்டறிஞர் ஆந்த்ரே லெமேர் இதை வெளியிட்டார். அகழாய்வில் கிடைக்காமல் ஏலச்சந்தை வழியே வந்த பொருள் என்பதால் எச்சரிக்கையோடு கையாள வேண்டிய சான்று இது.

விவிலிய ஆசிரியர் ஓசெயாவைத் தீயவன் என்று சொன்னாலும், முன்னிருந்த இஸ்ரவேல் மன்னர்கள் அளவுக்கு இல்லை என்று சலுகை தருகிறார், காரணம் சொல்வதில்லை. அந்த இடைவெளியை யூத ரபிகள் நிரப்பினார்கள். வடநாட்டார் எருசலேம் யாத்திரை போகாதபடி முதலாம் யெரொபெயாம் வழிகளில் நிறுத்திய காவலை ஓசெயா நீக்கிவிட்டான் என்கிறது தல்மூத். யூத நாட்காட்டியின் ஆபு மாதம் பதினைந்தாம் நாள் கொண்டாட்டத்துக்குச் சொல்லப்படும் காரணங்களுள் இதுவும் ஒன்று.